கருநந்தடக்கன்

கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் தென்கேரளத்தையும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளையும் ஆண்ட ஆய் குல மன்னன். கி.பி. 857 அளவில் அரியணை ஏறி, 885 வரை ஆண்டதாகக் கணக்கிடுவர். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் உள்ள விழிஞம் ஆய் அரசர்களின் தலைநகராகவும் துறைமுகமாகவும் இருந்தது.

பொதியில் மலைக்குரிய ஆய் அண்டிரனைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். கருநந்தடக்கன் காலத்திலோ அக்குலம் கிழக்கே பாண்டியருக்கும் வடக்கே சேரருக்கும் நடுவே அகப்பட்டிருந்தது. முந்தைய நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் விழிஞத்தைத் தாக்கி ஆய் வேளை வென்றதைப் பாண்டியர் செப்பேடுகளே பறைசாற்றுகின்றன. அந்தப் பகைக்கு நடுவிலும் இந்த மன்னன் பெயர் நிலைத்தது போரால் அல்ல, ஒரு கோயிலாலும் அதோடு சேர்ந்த ஒரு கல்விச் சாலையாலும்தான்.

திருவனந்தபுரம் ஹுஜூர் கச்சேரியில் இருந்த செப்பேடு அந்தக் கதையைச் சொல்கிறது. டி. ஏ. கோபிநாத ராவ் அதைத் திருவிதாங்கூர் தொல்லியல் தொடரில் பதிப்பித்தார். மொழி தமிழ், எழுத்து வட்டெழுத்து. மன்னனின் 9ஆம் ஆட்சியாண்டைக் குறிப்பதோடு நில்லாமல், கலியுகத்தில் 14,49,087 நாள் சென்றபின் என்று நாள் கணக்கையும் தருகிறது. அது கி.பி. 866 ஜூலை. மன்னர்களின் காலத்தை நூற்றாண்டு அளவில் மட்டுமே ஊகிக்க முடிகிற ஒரு பகுதியில் இத்தனை துல்லியம் அபூர்வம். ஆய் வரலாற்றின் கால வரிசை பெரிதும் இந்த ஓர் எண்ணைப் பற்றிக்கொண்டே நிற்கிறது.

முஞ்சிறைச் சபையாருக்குச் சொந்தமான உழக்குடிவிளை என்ற நிலத்தை மன்னன் பறித்துக்கொள்ளவில்லை. மாற்று நிலம் கொடுத்துப் பெற்றான். அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டான். காந்தளூர்ச் சாலை என்ற கல்வி நிலையத்தை முன்மாதிரியாக வைத்து 95 சட்டர்களுக்கு, அதாவது வேத மாணவர்களுக்கு, ஒரு சாலையும் அமைத்தான். பவிழிய சரணம் என்ற வேதக் கிளையினருக்கு 45 இடம், தைத்திரீயருக்கு 36, தலவகாரருக்கு 14. சேர வருகிறவர் இலக்கணமும் புரோகிதமும் மட்டுமல்ல, மூன்று அரசுகளின் நிர்வாக வழக்கங்களும் அறிந்தவராக இருக்க வேண்டும். மூன்று அரசுகள் என்பது சேர, சோழ, பாண்டியரைக் குறிக்கும் என்பது பொதுவான விளக்கம். அப்படியானால் இச்சாலை அரசுப் பணிக்கும் ஆள் தயாரித்த இடம் என்று கொள்வதே பொருத்தம்.

ஒழுங்கு விதிகள் கறாரானவை. சாலைக்குள் ஆயுதம் கொண்டுவரக் கூடாது. அறைகளில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளக் கூடாது. சண்டையிடுவோருக்குத் தண்டம் உண்டு. இத்தகைய தடைகளை எழுதிவைக்கத் தேவை ஏற்பட்டதே, அக்கால மாணவர் விடுதி எப்படி இருந்தது என்பதை ஓரளவு காட்டிவிடுகிறது.

கோயில் முஞ்சிறைக்கு அருகே பார்த்திவபுரத்தில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. நெடுங்காலம் திருவிதாங்கூரில் இருந்த அந்த ஊர், 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழகத்தில் சேர்ந்தது. விழிஞத்தில் உள்ள சிறிய குடைவரையையும் சிலர் இம்மன்னனோடு இணைத்துப் பேசுவதுண்டு. வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தியும் முற்றுப்பெறாத புடைப்புச் சிற்பங்களும் கொண்ட அந்தக் குடைவரையை ஆய்வாளர்கள் 8ஆம் நூற்றாண்டினதாகவே கருதுகின்றனர். எனவே அதை இவன் பணிகளில் சேர்க்க இயலாது.

இவனுக்குப்பின் ஆண்ட விக்கிரமாதித்த வரகுணன் ஸ்ரீமூலவாசத்துப் பௌத்தப் பள்ளிக்கு நிலம் அளித்ததைப் பாலியம் செப்பேடு கூறுகிறது. சிதறால் மலையின் சமணப் பள்ளியில் அவனது 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது.

அதன்பின் ஆய் வலிமை தேய்ந்தது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் இராசராசன் தன் மெய்க்கீர்த்தியில் காந்தளூர்ச் சாலை வெற்றியை முன்வரிசையில் வைத்தான். அங்கே அவன் அழித்தது கப்பல்களையா, சாலையின் உணவு உரிமையையா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அந்தச் சாலை இருந்த இடம் திருவனந்தபுரம் நகருக்குள் உள்ள வலியசாலை என்பது பெரும்பாலோர் கருத்து. விழிஞத்தில் இருந்தது என்போரும் உண்டு. வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோயிலும், தமிழ் பேசும் அக்கிரகாரத் தெருக்களும் உள்ளன.