சுல்தானாவின் கனவும் தோட்டத்துப் பெண்டிரும்

அறிவியல் புனைகதை என்றவுடன் ஜூல்ஸ் வெர்ன், எச்.ஜி.வெல்ஸ் ஆகிய மேனாட்டார் பெயர்களே கற்றோர் நினைவில் எழுவது வழக்கம். இந்தியத் துணைக்கண்டத்தில் அத்துறையின் தொடக்கத்தை ஆராயப் புகுவோர், சென்னையில் வெளியான ஓர் ஆங்கில மாத இதழைப் புரட்டியே ஆகவேண்டும். கமலா சத்தியநாதன் அம்மையார் 1901இல் தொடங்கிய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்பதே அவ்விதழ். 'சுல்தானாவின் கனவு' என்னும் சிறுகதை 1905இல் அதிலேதான் முதன்முதல் அச்சேறியது. அதே ஆண்டில், அதே நகரில், 'சக்கரவர்த்தினி' என்னும் தமிழ் மாதர் இதழுக்குப் பாரதியார் ஆசிரியரானார் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

கதையை எழுதியவர் ரொக்கேயா சகாவத் உசேன் என்னும் வங்க முஸ்லிம் பெண்மணி. இன்றைய வங்காள தேசத்தின் ரங்பூர்ப் பகுதியில், பைராபந்து என்னும் ஊரில் 1880இல் பிறந்தவர். பெண்கள் திரைக்குப் பின் வாழ்ந்த குடும்பம் அது. பள்ளி வாயிலை மிதிக்காத அவர், தமையனாரிடம் ஆங்கிலமும் தமக்கையாரிடம் வங்க மொழியும் கற்றார். துணை நீதிபதியாயிருந்த கணவர் வெளியூர் சென்றிருந்தபோது பொழுதுபோக்காக இக்கதையை எழுதினாராம். திரும்பிவந்த கணவர் நின்றவாறே அதனைப் படித்துவிட்டு, ஆடவர்மேல் தொடுத்த கடும் பழிவாங்கல் இது என்று வியந்தார் என்பது அம்மையாரே பின்னர்க் கூறிய செய்தி.

கதை எளியது. சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்த ஒரு பெண், பெண்ணாடு ஒன்றிற்குள் அழைத்துச் செல்லப்படுகிறாள். அங்கே பெண்கள் பட்டப்பகலில் அச்சமின்றி உலவுகின்றனர். ஆடவரோ அந்தப்புரத்தில் அடங்கியிருக்கின்றனர். அடுக்களையில் புகையும் இல்லை, கரியும் இல்லை. கதிரவன் வெப்பத்திலேயே சோறு வேகிறது. மேகமண்டலத்திலிருந்து குழாய்வழி நீர் இறக்கப்படுகிறது. மின்னாற்றலால் வயல் உழப்படுகிறது. மக்கள் வானூர்தியில் செல்கின்றனர்.

இவை காற்றில் கட்டிய கோட்டைகள் அல்ல. கண்ணாடிகளால் வெயிலைக் குவித்துச் சமைக்கும் கருவியொன்றைச் செய்து, பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்பார் 1878இலேயே நூல் எழுதியிருந்தார். ரைட் சகோதரர்கள் பறந்து காட்டியது 1903இல். காலத்தின் அறிவியலை நன்கறிந்தே அம்மையார் கற்பனை செய்துள்ளார்.

நகைச்சுவைக்கும் குறைவில்லை. அலுவலக வேலையை இரண்டே மணி நேரத்தில் எவ்வாறு முடிக்கிறீர்கள், எங்கள் நாட்டு நீதிபதிகள் ஏழு மணி நேரம் உழைக்கிறார்களே என்று கனவு காண்பவள் வினவுகிறாள். ஒரு சுருட்டு எரிய அரைமணி, நாளுக்குப் பன்னிரண்டு சுருட்டு, ஆக ஆறு மணி நேரம் புகையில் போய்விடுகிறது என்று கணக்குக் காட்டப்படுகிறது. சுருட்டைக் குறிக்க அங்கே ஆளப்படும் ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல்லிலிருந்தே ஆங்கிலத்திற்குச் சென்றது என்பது தமிழாசிரியர்க்கு உவகை தரும் செய்தியாகும்.

எனினும் கதையின் உயிர்நிலை இவ்வியப்புகளில் இல்லை. அவை தோன்றிய வரிசை முறையில் உள்ளது. முதலில் அந்நாட்டு அரசி, பெண்கள் அனைவரும் கல்வி கற்க வேண்டுமென்றும், இருபத்தொரு வயதுக்கு முன் மணம் கூடாதென்றும் ஆணையிடுகிறாள். பின் பெண்களுக்கெனப் பல்கலைக்கழகங்கள் எழுகின்றன. ஆடவர் படைக்கலம் பெருக்கிக்கொண்டிருக்க, அங்குள்ள பெண்கள் நீரையும் வெயிலையும் ஆராய்கின்றனர். ஆடவர் நகைக்கின்றனர். அடைக்கலம் புகுந்தோரைக் காட்டிக்கொடுக்க அரசி மறுத்ததால் அண்டை மன்னன் போர் தொடுக்கிறான்; ஆடவர் படை தோற்கிறது. அப்போது பெண் முதல்வர் ஒருவர் தம் இரண்டாயிரம் மாணவியரோடு சென்று, திரட்டிய வெயிலைப் பகைவர்மேல் பாய்ச்சி வெல்கிறார். பள்ளி முதலில், ஆய்வுக்கூடம் அடுத்து, விடுதலை மூன்றாவது என்பதே ஆசிரியர் காட்டும் படிமுறை.

பெண்கள் மட்டுமே வாழும் நாட்டை அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்க்கின்சு கில்மன் புனைந்தது 1915இல்; அதற்குப் பத்தாண்டு முற்பட்டது இக்கதை. தமிழில் இதனோடு ஒப்பிடத்தக்கது பெரியார் ஈ.வெ.ரா. 1940களில் வெளியிட்ட 'இனிவரும் உலகம்' என்னும் கட்டுரை. கம்பியில்லாத் தந்திக் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும், ஆண் பெண் சேர்க்கையின்றியே பிள்ளைப்பேறு அமையும் என்றெல்லாம் அது முன்னுரைத்தது. வங்கப் பெண்மணி வீட்டுச் சுவரைப் பெண்ணின் தளையாகக் கண்டார். பெரியார் பிள்ளைப்பேற்றுச் சுமையையும் அதனோடு சேர்த்தெண்ணினார். இருவருமே அறிவியலைத் தளை களையும் கருவியாகக் கொண்டனர்.

அந்தச் சுவரே இல்லாத இடத்தில் பெண்ணின் நிலை யாதாயிருந்தது? இவ்வினாவிற்கு விடைகூற மலாயாத் தோட்டங்களைப் போல் ஏற்ற இடம் வேறில்லை. கோல சிலாங்கூர் வட்டாரத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் தொடங்கியது. அதன் பெயரே தமிழ். இத்தகைய தோட்டங்களுக்கு வந்த தமிழ்ப் பெண்கள் திரைக்குப் பின் வாழ்ந்தவர் அல்லர். விடியுமுன் பெரட்டில் நின்று, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, வாளியும் உளியுமாகப் பால்மரக் காட்டிற்குச் சென்றவர். ஆயினும், 1920களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் விலை வீழ்ந்தபோது அவை முறையே 40 காசும் 32 காசுமாயின. குறைத்தபோதும் வேற்றுமையின் விகிதம் குறையவில்லை.

வீட்டுக்கு வெளியே வருவது விடுதலையின் முதற்படியே அன்றி முடிவன்று என்பதைத் தோட்ட வரலாறு இவ்வாறு மெய்ப்பிக்கிறது. பெண்ணாட்டுப் பெண்டிர் கையில் இருந்தவை கருவியும் அதனை ஆக்கிய கல்வியும். தோட்டத்துப் பெண்டிர் கையில் இருந்தது பிறர் கருவி. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் வகைசெய்தது. பள்ளி வந்த பின்னும் தம்பி தங்கையரைக் காக்கும் பொருட்டு இல்லத்தில் நிறுத்தப்பட்ட சிறுமியர் பலர்.

கதைக்கும் ஒரு குறை உண்டு. பெண்ணைப் பூட்டிய அறையில் ஆணைப் பூட்டுவதால் பூட்டு ஒழிந்துவிடாது. நகையாட்டாக எழுதப்பட்டது என்று அமைதி கூறுவாருமுளர். ஆனால் அம்மையாரின் வாழ்க்கையே அதற்குச் சிறந்த விடை. கணவர் மறைந்த 1909இல், அவர் பெயரால் பாகல்பூரில் ஐந்து மாணவியரோடு பெண்கள் பள்ளி ஒன்று தொடங்கினார். 1911இல் எட்டு மாணவியரோடு அதனைக் கல்கத்தாவில் மீண்டும் நிறுவினார். பிள்ளைகளை அனுப்புமாறு பெற்றோரை வேண்டி, 1932இல் மறையுமளவும் அப்பள்ளிக்கே உழைத்தார். யாரையும் அவர் பூட்டவில்லை. பூட்டைத் திறக்கக் கற்பித்தார்.

சென்னை இதழில் வந்த அக்கதை 2024இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் வட்டார நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. வானூர்தியும் கதிரவன் அடுப்பும் இன்று வியப்பிற்குரியன அல்ல. இரண்டாயிரம் மாணவியரைக் கனவு கண்டவர் ஐந்து மாணவியரோடு தொடங்கினார் என்பதே, சிறு பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் மனங்கொள்ளத்தக்க செய்தி.