குரல் இறங்கியதா, மிஷின் இறங்கியதா?

1943ஆம் ஆண்டு அக்டோபரில் 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதை முடிந்தது. நம்ம தோட்டத்து ஆளுங்க ஆயிரக்கணக்கில் அதில் செத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே 'சிக்சலி' என்ற இரகசியப் பேச்சுக் கருவி ஓடத் தொடங்கியது. மனிதக் குரலின் கூறுகளை ஆறு படிநிலைகளில் எண்ணாக்கி அனுப்பிய கருவி அது.

குரலை எண்ணாக்கும் யோசனை 1937இல் அலெக் ரீவ்ஸுக்கு வந்தது. தூரம் போகப் போகக் கம்பியில் இரைச்சல் சேரும்; எண்ணில் சேராது. சரிதான். ஆனால் எண்ணாகிற அந்த வாசலில் பிழை நுழைந்தால் அதுவும் அழியாது. மாற்றியின் உள்ளே ஓர் அளவுகோல் மின்னழுத்தம் இருக்கிறது. நெல் அளக்கிற படி சுருங்கினால் அதே நெல் கூடுதல் படி காட்டுமே, அதுபோல அது குறைந்தால் சத்தம் ஏறும், கூடினால் இறங்கும்.

சயாமுக்குப் போய்த் திரும்பிய ஒரு பெரியவர் பேசிய கேசட் பொந்தியானில் என் கைக்கு வந்தது. கணினியில் ஏற்றிப் பார்த்தால், தம்பியைக் காட்டில் விட்டுவிட்டு நடந்ததைச் சொல்லும்போது குரல் பாதியாகிறது. துக்கம் என்று எழுதிவிடலாம். ஆனால் கஞ்சி வாங்க வரிசையில் நின்ற கதையிலும் அப்படியே இறங்குகிறது.

முதலில் கேசட்டை ஒதுக்கிவிட்டு, மாறாத 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஒரு மணி நேரம் உள்ளே விட்டோம். அளவு ஆடியது. தானாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை அணைத்தும் ஆடியது. ஒரு பக்கம் மட்டும் ஆடினால் பச்சை பூத்த ஜாக், தேய்ந்த திருகு என்று தேடலாம். கடல் காற்று அடிக்கிற ஊரில் அது சகஜம். இங்கே இரண்டு பக்கமும் சேர்ந்தே ஆடின. அப்படியென்றால் இரண்டுக்கும் பொதுவான இடம்: யூஎஸ்பி தரும் 5 வோல்ட், அல்லது அளவுகோல் மின்னழுத்தத்தைத் தாங்கும் மின்தேக்கி. மின்தேக்கியை மாற்றியதும் நின்றது.

நாடாவின் 'உஸ்' இரைச்சலும் பழைய பதிவிலேயே சாட்சி சொல்லியிருக்கிறது. அது கேசட்டில் பிறப்பது. குரலோடு அதுவும் இறங்கினால் குற்றம் கணினிப் பக்கம். கஞ்சிக் கதையில் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தன. மறுபதிவில் அந்த இறக்கமே இல்லை.

தம்பி கதையில் இரைச்சல் அசையவில்லை. குரல் மட்டும்தான் இறங்கியது. கூடவே பின்னால் சுழலும் ஃபேன் சத்தம் மெல்ல ஏறுகிறது. அந்தக் காலத்து கேசட் ரெக்கார்டர்கள், பேச்சு தாழ்ந்தால் தாமே தூக்கிப் பதியும். அத்தனை தூக்கியும் பாதிதான் பதிந்திருக்கிறது. அந்த அறையில் பெரியவர் பேசியது நாம் கேட்பதைவிட இன்னும் மெல்ல.