நாவை அடக்கும் நாணம்

ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதும் மாணாக்கர் பலர், அம்மொழியிற் பேச எழுந்ததும் நாவடங்கி நிற்பதை ஆசிரியர்களாகிய நாம் நாள்தோறும் காண்கின்றோம். இவ்வச்சம் இலக்கணக் குறையால் மட்டும் வந்ததன்று; வரலாறும் இதனைத் தந்தது.

1945இல் இலவசக் கல்வி வரும் வரையில், ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கட்டணம் செலுத்த வல்லார்க்கே உரியதாயிருந்தது. மதம் மாறிவிடுமோ என்றஞ்சி, முஸ்லிம் பெற்றோர் பலர் மிஷன் பாடசாலைகளை விட்டு விலகி நின்றனர். ஆகவே ஆங்கிலம் உயர்குடியின் அடையாளமாயிற்று. அதிற் பிழைபடுதல் அவமானமாயிற்று.

ஆயினும் கல்முனைக்கு அண்மையிலுள்ள காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், ஆங்கிலத்தில் ‘பிரபுத்த பாரத’ இதழை நடத்தினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியருமானார். 1935இல் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ், 1942இல் கல்முனைக்கு அதிகாரியாக வந்து, அடிகளாரோடு நட்புப் பூண்டார். இங்குக் கல்வி வளர உழைத்தார். ஆங்கிலத்தில் வல்லவரான இவ்விருவரும் தமிழைக் கைவிட்டாரல்லர்.

1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. ஆள்வோர் மொழியாயிருந்தது அயலாரோடு உரையாடும் மொழியாயிற்று. நம்மூர்ச் சந்தையிற் சிங்களச் சகோதரரொருவர் திக்கித் திக்கித் தமிழ் பேசினால் நாம் நகைப்பதில்லை. மகிழ்ந்து விடை கூறுகின்றோம். அந்தப் பரிவை வகுப்பறையில் நம் பிள்ளைகளுக்கும் காட்டுவோம். முதலிற் பேசவிடுவோம், பேசி முடித்தபின் திருத்துவோம். நகைப்பு ஒழிந்த இடத்திலே நா தானே எழும்.