இன்ஃபிளேமபிள்: பற்றுமா, பற்றாதா?

பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்புறம் சிவப்பு எழுத்தில் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருக்கும். 'இன்விசிபிள்' என்றால் கண்ணுக்குத் தெரியாதது. அப்படியானால் இது தீப்பற்றாததா? இல்லை, சட்டென்று பற்றிக்கொள்வது!

குழப்பத்துக்குக் காரணம் 'இன்' என்ற முன்னொட்டு. லத்தீனில் ஒரே ஒலியில் இரண்டு 'இன்' உண்டு. ஒன்று 'அல்லாத' என்று மறுப்பது. அது அடுத்து வரும் எழுத்துக்கு ஏற்ப உருமாறும்: இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர். நம் 'மரம்', 'கள்' சேர்ந்து 'மரங்கள்' ஆவதுபோல. மற்றொன்று 'உள்ளே' என்ற பொருள் தருவது. தீச்சுடரைக் குறிக்கும் 'ஃபிளாமா'வுடன் இந்த இரண்டாவது 'இன்' சேர்ந்து, 'தீமூட்டு' என்ற வினை பிறந்தது. 'ஏபிள்' என்ற பின்னொட்டு அதற்கு 'கூடிய' என்ற தகுதியைத் தந்தது.

தவறாகப் படித்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் 1920களில் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், 'இன்'னை வெட்டிவிட்டு 'ஃபிளேமபிள்' என்றே எழுதச் சொன்னது. இன்று இரண்டுக்கும் பொருள் ஒன்றே. பற்றாததைச் சொல்ல 'நான்ஃபிளேமபிள்'.

மருத்துவர் சொல்லும் 'இன்ஃபிளமேஷ'னும் இதே வேரில் முளைத்ததுதான். அதற்குத் தமிழில் 'அழற்சி'. அழல் என்றால் நெருப்பு. உடம்பு எரிவதை இரு மொழிகளும் நெருப்பாகவே கண்டிருக்கின்றன.