எழுத்தைத் தேடிச் சியோலில் மூன்று நாள்

ஒரு பெரிய நகரத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் குடும்பம் முதலில் ஒரு கேள்வியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். பட்டியல் எந்தச் சுற்றுலா நிறுவனத்திலும் கிடைக்கும். கோபுரம், அரண்மனை, கடைத்தெரு, மறுபடி ஓர் அரண்மனை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நாலு நாளில் பதினெட்டு இடம் பார்த்துத் திரும்பியவரிடம் 'என்ன பார்த்தீங்க?' என்று கேட்டால் கைப்பேசியைத் திறந்து படங்களைத் தள்ளிக்கொண்டே போவார். ஒரு கேள்வியோடு போனவரோ உட்கார்ந்து கதை சொல்வார். வரலாறு என்பதே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதானே.

என் மகன் அலுவலக வேலையாகத் தென்கொரியத் தலைநகர் சியோலுக்குப் போக வேண்டி வந்தது. மருமகளும் பேத்தியும் சேர்ந்துகொண்டார்கள். 'மாமா, நீங்கதானே சரித்திரம் படிச்சவர். எங்களுக்குன்னு மூணு நாளுக்கு ஒரு திட்டம் போட்டுக் குடுங்களேன்' என்றாள் மருமகள். பேத்திக்குப் பதின்மூன்று வயது. நாக்பூரில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும். தமிழ் நன்றாகப் பேசுவாள். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித் திணறுவாள். ஆனால் கொரியத் தொலைக்காட்சித் தொடர்களின் மோகத்தில் கொரிய எழுத்தை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள்! அதைப் பார்த்தபோது எனக்குக் கேள்வி கிடைத்துவிட்டது. அந்த மக்கள் இந்த எழுத்தை எப்படிப் பெற்றார்கள்? அதை எப்படிக் காப்பாற்றினார்கள்? இதற்கு விடை சொல்லும் இடங்களை மட்டும் கோத்துத் திட்டம் எழுதினேன். வேறு குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்பதால் அதை இங்கே தருகிறேன்.

முதல் நாள்: அரண்மனையும் அதன் வாசலும்

ஜோசொன் அரச மரபு 1392-இல் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் தலைநகர் இன்றைய சியோலுக்கு வந்தது. 1395-இல் எழுந்த கியோங்பொக்குங் அரண்மனைதான் நம் திட்டத்தின் முதல் இடம். உள்ளே போனதும் எல்லாரும் அரியணை மண்டபத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் இடப்பக்கம் மேற்கே நடந்து சுஜோங்ஜொன் என்ற மண்டபத்தைப் பாருங்கள். இப்போதைய கட்டடம் 1867-இல் கட்டியது. செஜோங் மன்னர் காலத்தில் அந்த இடத்தில்தான் அறிஞர் அவை இருந்தது.

செஜோங் 1418 முதல் 1450 வரை ஆண்டார். அதுவரை கொரியர்கள் பேசியது கொரியம், எழுதியது சீன எழுத்து. ஆயிரக்கணக்கான குறிகளை மனப்பாடம் செய்ய ஓய்வும் வசதியும் உள்ளவனே படித்தவன். மன்னர் 1443-இல் 28 எழுத்துகள் கொண்ட புதிய முறையை உருவாக்கி, 1446-இல் நாட்டுக்கு அறிவித்தார். இன்று ஹங்குல் என்று அழைக்கப்படும் அந்த முறையில் இப்போது 24 அடிப்படை எழுத்துகள் உள்ளன. மெய்யெழுத்துகளின் வடிவத்தை நாக்கு, பல், தொண்டை ஆகியவற்றின் நிலையைப் பார்த்து அமைத்தார்கள். நம் தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் படித்தவர்களுக்கு இது மனத்துக்கு நெருக்கமாக இருக்கும். ஒலி வாய்க்குள் எங்கே பிறக்கிறது என்று நம்மவர் இலக்கணத்தில் எழுதி வைத்தார்கள். அவர்கள் அதையே எழுத்தின் உருவமாக வரைந்தார்கள். நாம் உயிர், மெய் என்கிறோம். அவர்கள் உயிரெழுத்தைத் தாய் ஒலி என்றும் மெய்யெழுத்தைச் சேய் ஒலி என்றும் பொருள்படும் சொற்களால் அழைக்கிறார்கள்.

புதிய எழுத்துக்கு எதிர்ப்பு வெளியிலிருந்து வரவில்லை. அந்த அறிஞர் அவையிலிருந்தே வந்தது. சோ மல்லி என்ற மூத்த அறிஞரும் வேறு சிலரும் 1444-இல் மன்னருக்கு மனு எழுதினார்கள். சீன எழுத்தை விட்டால் நாம் நாகரிகமற்றவர்களாகிவிடுவோம் என்பது அவர்கள் வாதம். மன்னர் அவர்களை ஒரு நாள் காவலில் வைத்துவிட்டு விடுவித்தார். ஆனால் அந்த மனப்பான்மையைக் காவலில் வைக்க முடியவில்லை. அதன்பின் ஏறத்தாழ 450 ஆண்டுகள் ஹங்குல் பெண்களின் கடிதங்களிலும் கதைப் புத்தகங்களிலும் எளியவர்களிடமும்தான் பெரிதும் வாழ்ந்தது. அரசாங்கச் சட்டங்களுக்கு அதுவே அடிப்படை என்று ஆணை வந்தது 1894-இல்தான்.

அரண்மனையை விட்டு வெளியே வரும்போது குவாங்வாமுன் வாசலைத் திரும்பிப் பாருங்கள். இந்த வாசலின் கதை ஒரு நாட்டின் கதை. 1592-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது அரண்மனையோடு எரிந்தது. 1860-களில் மீண்டும் எழுந்தது. ஜப்பானிய ஆட்சியில், 1926-இல் முடிந்த தலைமை ஆளுநர் மாளிகைக்காக இடம் மாற்றப்பட்டது. கொரியப் போரில் அழிந்தது. 1968-இல் அதைக் கான்கிரீட்டில் கட்டினார்கள். ஆளுநர் மாளிகையை 1995-இல் இடிக்கத் தொடங்கி அடுத்த ஆண்டு முடித்தார்கள். 2010-இல் வாசல் பழைய இடத்தில் மரத்தால் மீண்டது.

இதில் பெயர்ப்பலகையைக் கவனிக்க வேண்டும். 1968-இல் வைத்த பலகை அன்றைய அதிபர் பார்க் சுங்-ஹீயின் கையெழுத்தில், ஹங்குலில் இருந்தது. 2010-இல் வந்த பலகையில் பழமைக்கு நேர்மையாக இருக்க வேண்டுமென்று சீன எழுத்தைப் பொறித்தார்கள். 2023 அக்டோபரில் மாட்டிய கறுப்புப் பின்னணிப் பலகையிலும் பொன்னிறச் சீன எழுத்துதான். அந்த வாசலுக்கு எதிரே சதுக்கத்தில், 2009 அக்டோபர் 9-இல் திறந்த செஜோங் சிலை அமர்ந்திருக்கிறது. எழுத்தைத் தந்த மன்னருக்குப் பின்னால், அவர் எழுத்து இல்லாத பலகை! கட்டடத்தின் உண்மை பெரிதா, மொழியின் உரிமை பெரிதா என்று கொரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். பிள்ளைகளை அங்கே நிறுத்தி 'நீ என்ன சொல்ற?' என்று கேளுங்கள். நாம் பதில் சொல்லித் தர வேண்டாம்.

இரண்டாம் நாள்: சிறையும் ரயில் நிலையமும்

கியோங்பொக்குங் நிலையத்திலிருந்து சுரங்க ரயிலின் மூன்றாம் தடத்தில் அடுத்த நிறுத்தமே தோங்னிம்முன், அதாவது விடுதலை வாசல். சீனத் தூதர்களை வரவேற்க இருந்த பழைய வாசலை அகற்றி, 1897-இல் இந்தக் கல் வாசலை எழுப்பினார்கள். பழைய வாசலின் இரண்டு கல்தூண்கள் முன்னால் நிற்கின்றன. இதற்கு முன்னோடியாக இருந்தவர் சோ ஜே-பில். 1896 ஏப்ரலில் இவர் தொடங்கிய 'தோங்னிப் சின்முன்' ஹங்குலில், சொற்களுக்கிடையே இடம் விட்டு அச்சான செய்தித்தாள். படிக்காதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் எல்லாம் அன்று முதல் நாட்டு நடப்பைப் படிக்கத் தொடங்கினார்கள்.

வாசலின் ஒரு பக்கம் பெயர் சீன எழுத்தில், மறுபக்கம் ஹங்குலில். அங்கிருந்து பேத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். 'தாத்தா, மூணே எழுத்துதான். நானே படிச்சிட்டேன். அந்தப் பக்கம் இருக்கறது ஒண்ணுமே புரியல' என்றாள். 450 ஆண்டுச் சண்டையின் சாரத்தை ஒரு வாசலைச் சுற்றி வந்தே அவள் தெரிந்துகொண்டாள்.

பக்கத்திலேயே சோதேமுன் சிறை. 1908-இல் திறந்து 1987 வரை சிறையாகவே இருந்தது. 1998 முதல் வரலாற்றுக்கூடம். விடுதலைப் போராளிகள் பலர் இங்கே அடைபட்டார்கள், தூக்கிலிடப்பட்டார்கள். 1919 போராட்டத்தில் பங்குகொண்ட யூ க்வான்-சுன் என்ற இளம்பெண் 1920-இல் இங்கேதான் இறந்தாள். சிறு குழந்தைகளுக்குச் சித்திரவதை அறைகள் வேண்டாம், முற்றத்தோடு திரும்பிவிடலாம்.

மதியம் பழைய சியோல் ரயில் நிலையத்துக்குப் போகச் சொல்லியிருந்தேன். 1925-இல் கட்டிய சிவப்புச் செங்கல் கட்டடம் இப்போது கலைக்கூடமாக இருக்கிறது. பெரும்பாலான பயணிகள் புதிய நிலையத்துக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு இதைக் கடந்து போய்விடுவார்கள். ஆனால் எழுத்தின் வழியில் இது தவறவிடக்கூடாத இடம்.

ஜப்பானிய ஆட்சி 1938-இல் பள்ளிகளில் கொரிய மொழியைக் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்தது. 1940-இல் பெரிய கொரிய நாளிதழ்கள் இரண்டையும் மூடியது. பெயர்களையே ஜப்பானிய முறைக்கு மாற்றச் சொன்னது. அந்த நேரத்தில் கொரிய மொழிச் சங்கத்தார் ஓர் அகராதி தொகுத்துக்கொண்டிருந்தார்கள். 1942 அக்டோபரில் கைது தொடங்கியது. மொத்தம் 33 பேர் மீது வழக்கு. செய்த குற்றம் சொற்களைச் சேர்த்தது! ஈ யுன்-ஜே, ஹான் ஜிங் என்ற இரு அறிஞர்கள் வடக்கே ஹம்ஹுங் சிறையிலேயே உயிர் விட்டார்கள். பல ஆண்டு உழைப்பான கையெழுத்துப் படிகள் சாட்சிப் பொருளாகப் போய், எங்கே இருக்கின்றன என்றே தெரியாமல் போயின. விடுதலை கிடைத்து மூன்றே வாரத்தில், 1945 செப்டம்பர் 8-ஆம் நாள், இந்த ரயில் நிலையக் கிடங்கில் அவை கிடைத்தன. 1947 அக்டோபர் 9-இல் முதல் தொகுதி வெளிவந்தது. இடையில் ஒரு பெரும்போர். 1957-இல் ஆறாம் தொகுதியோடு அகராதி நிறைவு பெற்றது.

மூன்றாம் நாள்: நம்மையும் நினைத்த ஒருவர்

ஹப்ஜோங் நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் யாங்வாஜின் அயல்நாட்டார் கல்லறைத் தோட்டம். அங்கே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் அடக்கமாகியிருக்கிறார். அரசப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்க 1886-இல் வந்தவர். ஹங்குலின் எளிமையில் மனம் பறிகொடுத்து, அதே எழுத்தில் உலகப் புவியியல் பாடநூல் எழுதினார். 1907-இல் கொரியாவுக்கு நியாயம் கேட்க மன்னரின் தூதுக்குழுவுக்குத் துணையாக ஹேக் நகர் வரை போனார். 1949-இல் மீண்டும் சியோலுக்கு வந்த சில நாட்களில் காலமானார்.

இவரைத் தமிழர் தேடிப்போக வேறொரு காரணமும் உண்டு. கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இல் ஓர் இலக்கண நூல் வெளியிட்டவர் இவர். 'அவங்களும் அப்பாவை அப்பான்னுதான் கூப்பிடறாங்க, புல்லுக்குப் புல்லுன்னுதான் சொல்றாங்க' என்று நம் வீடுகளில் வியந்து பேசுகிறோமே, அந்த வியப்பின் பழைய வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. ஆனால் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். இரு மொழிகளும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. அம்மா, அப்பா போன்ற மழலைச் சொற்கள் தொடர்பில்லாத பல மொழிகளில் ஒத்திருக்கும். சில பத்துச் சொற்கள் ஒத்திருந்தால் உறவாகிவிடாது; ஒலி மாற்றங்கள் ஒழுங்காகப் பொருந்தி வர வேண்டும். உறவு இல்லை என்பதால் மதிப்புக் குறையப்போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் முகஜாடை நம் சித்தப்பா மாதிரி இருந்தால் ரசிக்கலாம். ரேஷன் கார்டில் சேர்க்க முடியாது.

மதியம் சோங்புக் பகுதியில் கான்சோங் கலைக்கூடம். ஹங்குலின் ஒலி விளக்கத்தைக் கூறும் 1446-ஆம் ஆண்டு நூலின் படி 1940-இல் வெளிப்பட்டபோது, ஜோன் ஹியோங்-பில் என்ற செல்வந்தர் அதை வாங்கி, விடுதலை வரும்வரை ஒளித்து வைத்தார். 1997-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்ற நூல் அது. இந்தக் கூடம் கண்காட்சிக் காலங்களில் மட்டுமே திறந்திருக்கும். யோங்சான் பகுதியில் 2014-இல் திறந்த தேசிய ஹங்குல் அருங்காட்சியகத்தில் சீரமைப்பு வேலையின்போது 2025 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அதனால் அங்கே போக எண்ணுவோர் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் அமையாவிட்டால், யோங்சானிலேயே உள்ள கொரியத் தேசிய அருங்காட்சியகம் ஒரு முழுப் பகலுக்குப் போதும்.

சில நடைமுறைக் குறிப்புகள்

கியோங்பொக்குங் செவ்வாயன்று மூடியிருக்கும், சோதேமுன் திங்களன்று, யாங்வாஜினில் ஞாயிறன்று பார்வையாளருக்கு அனுமதி இல்லை. ஆகவே புதன், வியாழன், வெள்ளி என்று வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. அக்டோபர் 9 ஹங்குல் தினம். 1991-இல் விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுத்ததை 2013-இல் மீண்டும் சேர்த்தார்கள். அந்த வாரம் போவது சிறப்பு. ஆனால் சுசொக் என்னும் அறுவடைத் திருநாள் அதையொட்டி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அப்போது பல கடைகள் அடைத்திருக்கும். மரக்கறி உண்போர் கவனிக்க: கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் அல்லது இறால் ஊறல் சேர்ந்திருக்கும். புத்தக் கோயில் முறை உணவகங்கள் நமக்கு ஒத்துவரும்.

உங்கள் குடும்பத்தின் கேள்வி வேறாக இருக்கலாம். போர், நெசவு, சமையல் எதுவானாலும் சரி, ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நகரம் தானே வரிசைப்பட்டுவிடும்.

எங்கள் கேள்வி மட்டும் இங்கே நாக்பூர் வரை வந்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதற்காக யாரும் சிறையில் சாகவில்லை. நம் எழுத்தை இந்த ஊரில் யாரும் தடுக்கவும் இல்லை. ஞாயிறு காலையில் சங்கக் கட்டடத்தில் தமிழ் வகுப்பு நடக்கிறது, பலகையும் பாடநூலும் ஆசிரியரும் இருக்கிறார்கள். இடமும் காலியாக இருக்கிறது.