எழுந்து நிற்க முடியாதவர் காப்பாற்றிய நாற்றுகள்



போன வாரம் செங்கம் பக்கத்திலிருந்து பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அவருடைய அம்மா வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருக்கிறார்களாம். டாக்டர் ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லிவிட்டார். "அம்மாவுக்குக் கால் வலியைவிட, குழித்தட்டில் இருக்கிற கத்தரி, மிளகாய் நாற்றுதான் சார் கவலை. படுக்கையில் இருந்துகொண்டே தண்ணி ஊத்தினியா, தண்ணி ஊத்தினியான்னு கேக்கறாங்க" என்றார்.

அவருக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆனால் போனை வைத்த பிறகு, நம் நாட்டு வரலாற்றில் இதே மாதிரி ஒரு சங்கதி உண்டே என்று தோன்றியது. வகுப்பில் இதைச் சொல்ல வாய்ப்பு வந்ததில்லை. பாடப் புத்தகத்தில் இல்லை. இப்போது சொல்கிறேன்.

கொயினா மருந்து உங்களில் பலருக்குத் தெரியாது. வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள். குளிர் ஜுரம் வந்தால் கொடுக்கும் மருந்து. அதன் கசப்பை நினைத்தாலே முகம் சுளிப்பார்கள். ஒரு காலத்தில் தபால் ஆபீசிலேயே பொட்டலமாக விற்றார்கள். அந்த மருந்து சின்கோனா என்ற மரத்தின் பட்டையிலிருந்து வருவது. மரத்தின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. 1820ல் பிரான்சில் இரண்டு வேதியியல் அறிஞர்கள் பட்டையிலிருந்து மருந்துச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன்பின் தேவை பல மடங்காகப் பெருகியது. காட்டில் மரத்தை வெட்டிப் பட்டை உரித்தார்களே தவிர, திருப்பி நட்டவர் குறைவு. மலேரியாவில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த இந்தியாவுக்கு அந்தப் பட்டை கப்பலில் வந்துதான் ஆக வேண்டும். விலையோ ஏழைக்கு எட்டாது.

அதனால் இங்கேயே மரத்தை வளர்ப்பது என்று ஆங்கில அரசு முடிவு செய்தது. இடம் நம் நீலகிரி. ஊட்டித் தாவரவியல் பூங்காவை 1848 முதல் உருவாக்கிய வில்லியம் கிரகாம் மெக்ஐவர் அங்கே பொறுப்பில் இருந்தார். அந்தப் பூங்காவே முதலில் காய்கறித் தோட்டமாகத்தான் தொடங்கியது. அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டுக் காய்கறி விளைவித்தார்கள்.

1860ல் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் என்பவர் பெரு நாட்டுக் காட்டில் நாற்றுகளைச் சேகரித்துக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துக் கொண்டுவந்தார். அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தவர் லண்டன் டாக்டர் நத்தானியல் வார்டு. 1829ல் ஒரு பூச்சிக்கூட்டை வளர்க்க ஈரமண் போட்டு மூடிய பாட்டிலில், யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே ஒரு பெரணியும் புல்லும் முளைத்ததை அவர் பார்த்தார். செடி விடும் ஈரம் கண்ணாடியில் பட்டு மறுபடி மண்ணுக்கே வடிகிறது, அதனால் காய்வதில்லை. 1833ல் இப்படிப்பட்ட பெட்டிகளில் லண்டனிலிருந்து சிட்னிவரை மாதக்கணக்கில் கடலில் போன செடிகள் உயிரோடு சேர்ந்தன. தோட்டக்காரர் இல்லாமலே செடி பிழைக்கும் வழி அது.

ஆனால் மார்க்கத்தின் நாற்றுகள் பிழைக்கவில்லை. செங்கடல் வெக்கையிலும் பம்பாயில் ஏற்பட்ட தாமதத்திலும் வாடி, ஊட்டிக்கு வந்து சேர்ந்தபின் எல்லாமே பட்டுப்போயின. பெட்டி ஈரத்தைக் காக்கும், வெக்கையிலிருந்து காக்காது.

இப்போது கதையின் முக்கியமான மனிதருக்கு வருவோம். பெயர் ரிச்சர்ட் ஸ்புரூஸ். 1817ல் இங்கிலாந்தில் யார்க்ஷயரில் பிறந்தவர். பள்ளி ஆசிரியரின் மகன், தாமும் யார்க் நகரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். நம்ம ஆள்! பிறகு செடி சேகரிக்க அமேசான் காட்டுக்குப் போனார். பல வருஷம் அங்கே அலைந்து, ஈக்வடார் மலைக்கு வந்தபோதுதான், அங்கே விளையும் செம்பட்டைச் சின்கோனாவின் விதையையும் நாற்றையும் சேகரித்துத் தரும் பொறுப்பு அவருக்கு வந்தது.

1860 ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் காலை கண் விழித்தபோது முதுகும் கால்களும் செயலற்றுக் கிடந்தன. அதன்பின் அவரால் வலியில்லாமல் நிமிர்ந்து உட்காரவோ நடக்கவோ முடியவே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். விதை முற்றும் பருவமோ நெருங்கிக்கொண்டிருந்தது. நாட்டில் உள்நாட்டுப் போர் வேறு. ஒரு பருவத்தை விட்டால் இன்னொரு வருஷம் போய்விடும்.

அவர் என்ன செய்தார்? வீரம் காட்டி எல்லா வேலையையும் தாமே செய்யப் பார்க்கவில்லை. வேலையைப் பிரித்தார். ஜேம்ஸ் டெய்லர் என்ற டாக்டரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஜூன் மாதம் சிம்பொராசோ மலையின் மேற்குச் சரிவில் லிமோன் என்ற இடத்துக்குப் போனார். எந்த மரம், எந்தக் காய், எப்போது பறிப்பது, எப்படிக் காயவைப்பது என்பது அவர் பொறுப்பு. ஏறி இறங்குவதும் காய் கொண்டுவருவதும் அந்த மலை மக்கள் செய்தது. அவர்கள் பெயர்கள் புத்தகத்தில் அதிகம் இடம்பெறவில்லை என்பது எனக்கு எப்போதும் ஒரு வருத்தம்.

ஜூலைக் கடைசியில் ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் வந்து சேர்ந்தார். இங்கிலாந்தின் கியூ தோட்டம் அனுப்பிய ஆள். கிளைக்குச்சிகளை நறுக்கி வேர்விட வைப்பது, நாற்றங்கால் பார்ப்பது எல்லாம் அவர் கையில். அதாவது கை கிராஸுடையது, கண் ஸ்புரூஸுடையது. மாதக்கணக்கில் அந்த நாற்றுகளைப் பார்த்து வளர்த்தார்கள். டிசம்பரில் தெப்பத்தில் ஏற்றி ஆற்றில் கொண்டுபோனார்கள். 1861 ஜனவரி 2ம் தேதி, 637 செடிகள் 15 கண்ணாடிப் பெட்டிகளில் குவாயாகில் துறைமுகத்திலிருந்து கப்பலேறின. கூடவே போனவர் கிராஸ். ஸ்புரூஸ் போகவில்லை, போகும் நிலையிலும் இல்லை. ஒரு லட்சம் விதைகள் தனியாகப் போயின. நாற்று செத்தாலும் விதை பிழைக்கட்டும் என்ற முன்யோசனை.

ஏப்ரலில் பெட்டிகள் ஊட்டி வந்து சேர்ந்தபோது நானூற்றுச் சொச்சம் செடிகள் உயிரோடு இருந்தன. மெக்ஐவர் அவற்றிலிருந்து குச்சி எடுத்து எடுத்துப் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. மரத்தை வெட்டாமல் பட்டையைக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடி மறுபடி பட்டை வளரவைக்கும் முறையையும் அவர் கொண்டுவந்தார். அந்தப் பட்டைதான் பிறகு ஏழைக்கும் எட்டும் கொயினா ஆயிற்று.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, மறைக்கக் கூடாது. ஒரு நாட்டின் செல்வம் வேறு நாட்டுக்குப் போயிற்று. ஈக்வடார் அரசு அதே 1861ல் சின்கோனா செடியும் விதையும் வெளியே போகத் தடை போட்டது. அதற்குள் கப்பல் போய்விட்டது. ஸ்புரூஸுக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதே வருஷம் அவர் சேமிப்பைப் போட்டு வைத்த நிறுவனம் முறிந்தது. பிறகு அரசு கொடுத்தது வருஷத்துக்கு 50 பவுன் பென்ஷன். பல வருஷம் கழித்து அது கூடியது. ஊர் திரும்பி, பெரும்பாலும் படுத்தபடியே செடிகளைப் பற்றி எழுதி, 1893ல் காலமானார்.

நம் முன்னோரும் இதை அறியாதவர்கள் அல்ல. தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுகளில் நந்தவனத்துக்கு நிலம் விட்ட செய்தி எத்தனையோ உண்டு. செடி வாங்கிக் கொடுத்ததோடு நிற்க மாட்டார்கள். அந்த நந்தவனத்தைப் பார்க்கிற குடிகளின் சாப்பாட்டுக்கும் சேர்த்து நிலம் விடுவார்கள், சந்திர சூரியர் உள்ளவரை என்று. ஒருவர் படுத்தால் தோட்டம் படுத்துவிடக் கூடாது என்ற ஏற்பாடு அது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஆசிரியர் லீவு போட்டால் பாடக்குறிப்பை எழுதி வைத்துவிட்டுப் போவார். மாற்று ஆசிரியர் அதைப் பார்த்து நடத்துவார். தோட்டத்துக்கும் அதேதான்.

முதலில் நாற்றின் வயதைக் குறியுங்கள். தக்காளி சுமார் 25 நாளிலும், கத்தரி 30, 35 நாளிலும், மிளகாய் 40 நாளுக்கு மேலும் நடவுக்கு வரும். வயது குறைந்ததைக் காத்து வைக்கலாம். வயது வந்ததை யாரையாவது வைத்து நட்டுவிடுங்கள், அல்லது நடுகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள். தட்டிலேயே கிழடாகிப்போன நாற்று பிறகு சரியாகக் காய்க்காது.

காத்து வைக்க வேண்டியதை உச்சி வெயில் படாத, ஆனால் காலை வெயில் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். இருட்டில் வைத்தால் வெளுத்து நெடுநெடுவென்று வளர்ந்து சாயும். யூரியா வேண்டாம், இப்போது வளர்ச்சி தேவையில்லை, உயிர் நின்றால் போதும். தட்டுக்கடியில் நனைத்த சாக்கு விரியுங்கள். பெரிய தொட்டியாக இருந்தால், வாளித் தண்ணீரிலிருந்து ஒரு பருத்தித் துணித்திரியை மண்ணுக்குள் விடுங்கள். பாத்தியில் நட்டதாக இருந்தால், மெருகிடாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடுங்கள், மெல்லக் கசிந்து வேருக்குப் போகும். இந்த முறை சீனாவில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய வேளாண் நூலிலேயே இருக்கிறது. பாலிதீன் தாளால் முழுக்க மூடுவது மட்டும் நம்மூர் வெயிலில் வேண்டாம். செங்கடலில் நடந்தது நம் மொட்டை மாடியில் நடக்கும்.

கொஞ்சம் விதையை எடுத்து வையுங்கள். ஸ்புரூஸ் செய்ததும் அதுதான்.

கடைசியாக, படுத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உதவி கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பேரனோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ தண்ணீர் ஊற்றட்டும். கட்டிலை ஜன்னல் ஓரம் போடச் சொல்லி, எது, எப்போது, எவ்வளவு என்று நீங்கள் சொல்லுங்கள். நாலு நாற்று போனாலும் போகட்டும், கோபிக்காதீர்கள். அறுநூற்றுச் சொச்சத்தில் நானூற்றுச் சொச்சம் பிழைத்ததற்கே ஒரு மலை பச்சையாயிற்று.

எல்லோரும் நலமாக இருங்கள். அண்ணாமலையார் துணை.