தொழிற்புதுமையும் ஆக்கப் பெருக்கமும்: மதுரைச் சான்று ஒன்று

மதுரையின் மேலைப்பகுதியில் உள்ள நாற்சந்தி ஒன்று காளவாசல் எனப்படும். பாண்டி நாட்டு வழக்கில் காளவாசல் என்பது செங்கற்சூளையைக் குறிக்கும் சொல். காளவாய் என்பதும் அதுவே. வாசல் என்னும் ஈறு கண்டு கோட்டை வாயிலென மயங்குதல் பொருந்தாது. சந்தியில் 2020-இல் மேம்பாலமும் எழுந்துவிட்டது, பெயரே எஞ்சியுள்ளது.

தொழிற்புதுமை என்றவுடன் புதிய எந்திரத்தையே எண்ணுதல் இயல்பாகிவிட்டது. சூளையின் வரலாறு வேறொன்றைக் காட்டுகின்றது. பழைய முறையில் பச்சைக்கல்லை அடுக்கிச் சுட்டு, ஆறவிட்டுப் பிரித்த பின்னரே அடுத்த அடுக்குக்கு இடமுண்டு. ஒவ்வொரு சூட்டின் வெப்பமும் வீணே கழியும். செருமானியராகிய ஆஃப்மன் 1858-இல் காப்புரிமை பெற்ற வளையச் சூளையில் கல் அசைவதில்லை, தீயே நகர்கின்றது. உட்புகும் காற்று வெந்த கல்லை ஆற்றித் தான் சூடேறித் தீயை அடைகின்றது. வெளியேறும் புகை முன்னுள்ள பச்சைக்கல்லை உலர்த்துகின்றது. 1876-இல் டபிள்யூ. புல் என்னும் ஆங்கிலப் பொறியாளர் இதனை நிலத்தில் அகழ்ந்த பள்ளமாக எளிமைப்படுத்தி இந்தியாவுக்கு ஏற்புடையதாக்கினார். மண்ணும் தீயும் பழையனவே. வேலையின் வரிசை மாறியது. எரிபொருளும் காலமும் மிஞ்சின.

இந்நெறியே நூறாண்டு கழித்து, சூளையோடு தொடர்பற்ற மருத்துவத் துறையில், மதுரையிற் கையாளப்பட்டமை நோக்குதற்குரியது. அரசுப்பணியினின்று ஓய்வுபெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி (1918–2006) 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணியவர் அவர். கண்புரையால் பார்வை இழந்தோர் மிகப் பலர். அறுவை வல்லார் மிகச் சிலர். எனவே வீணாகக் கூடாதது மருத்துவரின் நேரம் எனக் கண்டார். மருத்துவர் ஒருவருக்கு மேசை இரண்டு. ஒன்றில் அறுவை நிகழ்கையிலேயே மற்றதில் அடுத்த நோயாளர் ஆயத்தமாவார். கண்ணை அளத்தல், மருந்திடல், கருவிகளை ஒழுங்கு செய்தல் ஆகியவற்றைச் சிற்றூர்களிலிருந்து தேர்ந்து ஈராண்டு பயிற்றப்பெற்ற இளம்பெண்கள் ஏற்றனர். மக்டொனால்ட்ஸ் என்னும் அமெரிக்க உண்டிச்சாலையின் ஒழுங்கை அவர் முன்மாதிரியாகக் கூறுவதுண்டு. மருத்துவத்துக்கு உண்டிச்சாலையா எனின், நோயாளர் வரிசையை நேரிற் கண்டார்க்கு அவ்வொப்புமை இழிவாகத் தோன்றாது.

இம்முறையால் அங்குள்ள மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 அறுவைகள் செய்ய இயன்றது. நாட்டுச் சராசரியினும் இது பன்மடங்கு. 1993-இல் ஆர்வர்டு வணிகப் பள்ளியின் கஸ்தூரி ரங்கன் இதனைப் பாடப்பொருளாக எழுதினார். 1992-இல் ஆரோலேப் நிறுவப்பட்டது. இறக்குமதியில் நூறு டாலரை ஒட்டி விற்ற உள்விழி வில்லை, அங்கே செய்யப்பட்டுப் பத்து டாலர் அளவுக்கு இறங்கிற்று.

பெருகிய ஆக்கம் யாரைச் சேர்ந்தது என்னும் வினாவைப் பொருளியலார் பலர் பின்னுக்குத் தள்ளுவர். யாம் அதற்கு உடன்படோம். நகரும் தீ எரிபொருளை மிச்சப்படுத்தியது. கல்லறுப்போர் கையை அது தொடவில்லை. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்னும் கூலியும், முன்னரே வாங்கிய முன்பணமும் குடும்பம் குடும்பமாக அவரைச் சூளையிற் பிணித்தன. மருத்துவமனையிலோ மிச்சம் வேறு வழியிற் சென்றது. கட்டணம் செலுத்துவோர் தரும் வருவாயைக் கொண்டே, ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ அறுவை செய்யப்படுகின்றது. ஆயினும் இதனைப் போற்றும் கட்டுரைகளில் மருத்துவர் பெயரே முன்னிற்கின்றது. அம்மருத்துவரின் நேரத்தை மிச்சப்படுத்தித் தந்தவர், ஈராண்டு பயிற்சியுடன் வந்த அச்சிற்றூர்ப் பெண்கள் ஆவர்.